பந்திவரை வந்தும் எழாதவர்கள்

லெந்தின் முதல் ஞாயிறு

இன்று திருவிருந்து ஆராதனை. அத்தை நேற்றே வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தார். காலையில் ஒரு வாய்க் காப்பி குடிக்கவில்லை. நற்கருணைக்கு வெறும் வயிற்றோடு போவது அவருடைய அம்மா காலத்துப் பழக்கம். எழுபது தாண்டிய உடம்பு, சர்க்கரை வேறு, சொன்னால் கேட்பதில்லை.

பாவ அறிக்கை சொல்லும்போது எங்கள் பெஞ்சில் முதலில் முழங்காலிட்டவர் அவர்தான். பிறகு பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னால் போக ஆரம்பித்தார்கள். எங்கள் முறை வந்தது. அத்தை கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கி எனக்கு வழிவிட்டார். எழவில்லை. நான் ஆல்டர் முன்னால் முழங்காலிட்டு, வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து நீட்டி, அப்பத்தையும் ரசத்தையும் வாங்கித் திரும்பி வந்தபோது, அவர் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். புத்தகமே பார்க்காமல் அவர் பாடக்கூடிய பாட்டு அது.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்.

"மனசு சரியில்ல பிள்ள. இந்த மனசோட போயி எப்படிக் கைய நீட்ட?"

சித்தப்பாவோடு தாத்தா வீட்டுப் பாகப் பிரிவினையில் மனத்தாங்கல், பேச்சு நின்றுபோயிருக்கிறது. காரணம் அதுதான் என்கிறார். ஆனால் அந்தத் தகராறுக்கு முன்னாலும் அவர் நற்கருணை எடுக்காமல் இருந்த மாதங்கள் உண்டு. அப்போது வேறொரு காரணம் இருந்தது.

அத்தை மட்டுமில்லை. உபவாச ஜெபத்துக்கு முதல் ஆளாக வருகிறவர்கள், ஆண்டவரே கிட்ட வாரும் என்று கண்ணீரோடு கேட்கிறவர்கள், அந்தப் பந்தி பத்தடி தூரத்தில் விரித்திருக்கும்போது உட்கார்ந்தே இருக்கிறார்கள். பக்தியில்லாதவர்கள் விலகி இருந்தால் அதில் புரியாதது எதுவும் இல்லை. ஏங்குகிறவர்களே விலகி இருப்பதுதான் என்னை இன்று தூங்கவிடவில்லை.

செவ்வாய் இரவு

அத்தை பயப்படுவது பவுலுக்கு. தகுதியில்லாமல் அந்த அப்பத்தைப் புசிக்கிறவன் தண்டனையைத் தேடிக்கொள்கிறான் என்று முதலாம் கொரிந்தியர் 11-ம் அதிகாரத்தில் ஓர் எச்சரிப்பு இருக்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் எங்கள் எல்லோர் மனதிலும் ஆணியடித்த மாதிரி பதிந்த பகுதி. இன்று அதை முன்னும் பின்னும் சேர்த்து வாசித்தேன்.

கி.பி. 50களில் எழுதிய கடிதம். கொரிந்து துறைமுகப் பட்டணம், பணம் புழங்கிய ஊர். அங்கே சபையார் கூடி உண்ணும்போது வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டு முடிக்கிறார்கள். ஒருவன் பசியோடு நிற்க இன்னொருவன் வெறித்துக் கிடக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்பதுதான் பவுலின் கோபம். கடைசியில் அவர் சொல்லும் பரிகாரம், ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்பது. நடுவில், தன்னைத்தானே சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டுப் புசி என்றுதான் முடிகிறது. சோதித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள் என்று அவர் எழுதவில்லை.

இல்லாதவனை ஒதுக்கிய பணக்காரனுக்கு விழுந்த அடியை, தன்னையே ஒதுக்கிக்கொள்ளும் அத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவரிடம் இதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

மலைப்பிரசங்கத்தில் உள்ளதையும் தள்ளிவிட முடியாது. சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று இருக்கிறது. ஆனால் அதிலும் திரும்பி வந்து காணிக்கையைச் செலுத்து என்று அடுத்த படி இருக்கிறது. நாம் காணிக்கையை வைத்துவிட்டு, சகோதரனிடமும் போகாமல், பீடத்துக்கும் திரும்பாமல், நடுவழியில் வருஷக்கணக்கில் நின்றுவிடுகிறோம்.

வெள்ளி

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஈஸ்டரையொட்டி, நற்கருணை வாங்கியே ஆக வேண்டும் என்று 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் சட்டம் போட்டது. சாப்பிட வா என்று ஒரு சட்டம்! அந்த அளவுக்கு ஜனங்கள் எட்டி நின்றே கும்பிட்டுவிட்டுப் போகப் பழகியிருந்தார்கள். 1662-ன் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமும் வருஷத்துக்கு மூன்று தடவையாவது என்று விதித்தது; வராமல் இருப்பவர்களுக்கென்றே ஒரு நீண்ட புத்திமதி அதில் உண்டு. விருந்து தயாராக இருந்தும் அழைத்தவர்கள் வராவிட்டால் விருந்து வைத்தவருக்கு எப்படி இருக்கும் என்று அது கேட்கிறது.

பிரான்சில் 1643-ல் அந்துவான் அர்னோ என்பவர் அடிக்கடி நற்கருணை வாங்குவதைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஆழ்ந்த மனந்திரும்புதல் இல்லாமல் கிட்டே போகக் கூடாது, விலகி இருந்து தவம் செய்வதே மேல் என்பது அதன் போக்கு. அவரைச் சேர்ந்த போர்-ரோயால் மடத்தார் சாமானியர்கள் அல்ல, கடவுளுக்காக எதையும் விடத் துணிந்தவர்கள். அவர்கள் பரப்பிய அச்சம் தலைமுறைகளுக்கு நின்றது. பத்தாம் பயஸ் பாப்பரசர் 1905-ல் ஆணை வெளியிட்டு, இது நல்லவர்களுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல, தினமும் வாங்கலாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப் பகுதிச் சபைகளில் இன்னொரு வகை: ஆயுள் முழுக்க ஆராதனை தவறாதவர்கள், தங்களுக்கு அருகதை இல்லை என்று கடைசிவரை பந்திக்குப் போகாமலே இறந்திருக்கிறார்கள்.

எட்டி நிற்பதற்கு மரியாதை என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் பயப்படுவது அதற்குத்தான்.

புதன்

அவிலா ஊர்த் தெரேசாவின் சுயசரிதையை மறுபடி எடுத்தேன். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின், கர்மேல் சபைக் கன்னியர். ஜெபத்தைப் பற்றி அவரைப்போல் எழுதியவர்கள் குறைவு. அவரே ஒரு காலத்தில், இத்தனை குறைகளோடு ஆண்டவரோடு தனியே பேச எனக்கு என்ன தகுதி என்று உள்ளான ஜெபத்தை ஒரு வருஷத்துக்கும் மேலாக விட்டுவிட்டார். அதைத் தாழ்மை என்றே நினைத்தார். பின்னாளில், தனக்கு வந்த சோதனைகளிலேயே பயங்கரமானது அதுதான் என்று கண்டுகொண்டார். என்னை உலுக்கியது வேறொன்று. அந்த நாட்களில்தான் அவருடைய அப்பா, மகள் கற்றுக்கொடுத்த முறையில் ஜெபத்தில் வளர்ந்துகொண்டிருந்தார். மகள் அவரிடம், உடம்பு சரியில்லாததால் இப்போது என்னால் முடியவில்லை என்றாராம்.

என் கதையும் வேறு இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பதும், ஆல்டர் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடிப்பதும் எனக்குப் பிரியமான வேலைகள். அந்த வேலைகளில் ஆண்டவருக்கு நான் தேவைப்படுகிறேன். சும்மா அவர் முன்னால் உட்காரும்போது என் கையில் கொடுக்க ஒன்றுமில்லை. கெட்ட குமாரன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த பேச்சில், என்னைக் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்றொரு வரி இருந்தது. கூலி என்றால் கணக்கு இருக்கும், தலை நிமிர்ந்து வாங்கலாம். அந்த வரியை அவன் சொல்வதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அந்த வஸ்திரத்தைப் போட்டுக்கொள்வது அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

லெந்தின் ஐந்தாம் ஞாயிறு

கொரிந்து விஷயத்தை அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்லுதது சரிதான். ஆனா எனக்குப் பயம் அது இல்ல."

"பின்ன என்ன அத்தை?"

"எடுத்துட்டு வந்த பிறகும் நான் இப்படியே இருந்தா? ஒண்ணும் தோணாமப் போச்சுன்னா? இப்பம்னா, போகலை, அதனால கிடைக்கலைன்னு சொல்லிக்கிடலாம்."

என்னிடம் பதில் இல்லை. நான் படித்த எதிலும் இதை இத்தனை நேராகச் சொன்னவர்கள் இல்லை. கிட்டே போய்ப் பார்த்து அங்கே வெறுமைதான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஏக்கமும் போய்விடும். அந்த ஏக்கத்தை வைத்துத்தான் அவர் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறார்.

ராத்திரி அன்னை தெரேசாவைப் பற்றி யோசித்தேன். அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தபோது பலர் அதிர்ந்தார்கள். கல்கத்தாவில் ஏழைகளுக்கான வேலையைத் தொடங்கிய 1940களின் கடைசியிலிருந்து, 1958-ல் ஒரு சின்ன இடைவெளி தவிர, 1997-ல் இறக்கும்வரை ஆண்டவர் அருகில் இருக்கிறார் என்ற உணர்வே அவருக்கு அநேகமாக இல்லை. அத்தை பயப்படுகிற அதே வெறுமை. அவர் அதை வைத்துக்கொண்டே தினமும் காலையில் போய் நற்கருணை வாங்கினார். இதை ஆறுதலாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

பெரிய வியாழன்

சொன்னேன். அத்தை "அந்த அம்மாவுக்குமா?" என்று மட்டும் கேட்டார். வெகுநேரம் பேசவில்லை.

இன்று வாசிக்க வேண்டிய பகுதியை இருவரும் சேர்ந்து வாசித்தோம். என் கால்களைக் கழுவவே கூடாது என்று பேதுரு இழுத்துக்கொள்கிற இடத்தில் அத்தை நிறுத்தச் சொன்னார். அன்று ராத்திரியே மறுதலிக்கப் போகிறவன். அது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தே முட்டிபோட்டுக் கழுவினார், தெரிந்தே அப்பத்தைக் கொடுத்தார். லூக்கா எழுதுகிற வரிசையைப் பார்த்தால் யூதாசின் கையும் அந்த மேஜையில்தான் இருந்தது. அந்த முதல் பந்தியில் தகுதி பார்த்திருந்தால் யார் மிஞ்சியிருப்பார்கள்?

சாயங்கால ஆராதனைக்கு அத்தை வந்தார். எழவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஈஸ்டர் காலை நாலரை மணி ஆராதனைக்கு ஆட்டோ சொல்லியாச்சா என்று கேட்டார். சொல்லியாச்சு என்றேன். நாலு மணிக்கே வரச் சொல், போகிற வழியில் சித்தப்பா வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும் என்றார்.