பரத்பூர் நீர்க்காட்டிலிருந்து

அன்புத் தோழி,

பரத்பூரில் கேவலாதேவ் பூங்காவுக்குப் பக்கத்திலேயே தங்கியிருக்கிறோம். தை மாதக் குளிர். விடிந்து வெகுநேரம் ஆனாலும் பனிமூட்டம் கலைவதில்லை. அதற்குள்ளிருந்து முதலில் நம்மிடம் வருவது சாரஸ் கொக்கு ஜோடியின் குரல்தான். ஆண் நீட்டிக் கூவ, பெண் அடுத்தடுத்து இரண்டு சின்னக் குரலாக அதற்குப் பதில் கொடுக்கும். மூடுபனி விலகிய பிறகு பார்த்தால் தண்ணீர் ஓரத்தில் சாம்பல் உடம்பும் சிவந்த தலையுமாக ஆள் உயரத்துக்கு இரண்டு பறவைகள். கொக்கு என்றதும் நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கை நினைத்துக்கொள்ளாதே. இது வேறு குடும்பம்.

குழுவில் ஆறு பேர், ஒரு வழிகாட்டி, மிதித்து ஓட்டும் ரிக்ஷாக்கள் மூன்று. ஜீப்பில் புழுதி கிளப்பிக்கொண்டு புலியைத் தேடும் சஃபாரி இல்லை இது. ரிக்ஷா ஓட்டுபவர்களுக்குப் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி தந்து, உரிமமும் தந்திருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர். மிதித்துக்கொண்டே வந்தவர் சட்டென நிறுத்தி ஒரு மரத்தைக் காட்டினார். எனக்குக் கிளை மட்டும்தான் தெரிந்தது. பைனாகுலரை என் கண்ணில் வைத்து, முகவாயைப் பிடித்து மெல்லத் திருப்பினார். கிளையின் பட்டையாக இருந்தது பக்கியாக மாறியது. கண்ணை மூடிப் பகல் தூக்கத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு பொந்தில் புள்ளி ஆந்தை. வளைக்கு வெளியே வெயில் காயும் மலைப்பாம்பு. கழுத்தை மட்டும் நீருக்கு மேலே நீட்டி நீந்தும் பாம்புத்தாரா. நீர்க்கடம்பு நிழலில் நீல்காய் மான்கள். இவ்வளவையும் அவர் இல்லாமல் நான் கடந்து போயிருப்பேன்.

மஞ்சள் மூக்கு நாரைகளை நீ அங்கேயே பார்த்திருப்பாய். இங்கே தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மழைக்காலத்துக்குப் பிறகு கூடு கட்டுகின்றன. இப்போது இளம் பறவைகள் பறக்கப் பழகிவிட்டன. உச்சிவெயிலில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக மேட்டில் புல் மேய்கின்றன. இமயத்தைத் தாண்டி வருபவை. இவற்றின் உறவுகள் நம் கூந்தன்குளம் வரைக்கும் இறங்கி வருகின்றன என்று நான் சொன்னபோது பெரியவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் நான் உனக்கு எழுத நினைத்தது தண்ணீரைப் பற்றி. சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த இடம் தானாக உண்டான காட்டு ஏரி அல்ல. இயற்கையான பள்ளம் ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் தேக்கி, கரை போட்டு, மதகு வைத்து, வாத்து வேட்டைக்காகவே பரத்பூர் மன்னர்கள் இதை வளர்த்தார்கள். கேவலாதேவ் என்ற சிவன் கோயிலுக்கு அருகே கல்வெட்டுகள் நிற்கின்றன. எந்தத் தேதியில், எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்ற கணக்கு அவற்றில் வரிவரியாக இருக்கிறது. 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோ வந்த அன்று ஒரே நாளில் 4,273 பறவைகள். எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை. அந்த வேட்டைக்காக ஏற்படுத்திய மதகுகள் வழியாகத்தான் இன்றும் இந்தப் பறவைகளுக்குத் தண்ணீர் வருகிறது.

1982-இல் இங்கே கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். சுற்றுக் கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீசுடன் மோதல், உயிர்ச்சேதம். எங்கள் வழிகாட்டியின் அப்பா இங்கே எருமை மேய்த்தவர். எருமைகள் போன பிறகு நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய பத்தாண்டு ஆய்வு, அந்தப் புல்லை அடக்கி வைத்திருந்தவை எருமைகளே என்று சொன்னது. மேய்ப்பர்களிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காட்டைக் காப்பது என்றால் முதலில் அங்குள்ளவர்களை வெளியேற்றுவது என்ற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

மேற்கு சைபீரியாவிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து இங்கே வந்துகொண்டிருந்த வெள்ளைச் சைபீரியக் கொக்குகள் இப்போது இல்லை. 1960-களில் ஏறக்குறைய 200 இருந்தன. 2002-க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வரும் வழியில் நடந்த வேட்டையை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அவை நின்று கிழங்கு தோண்டிய இடத்தைப் பெரியவர் காட்டினார். வண்டியை விட்டு இறங்கி நின்றுதான் காட்டினார்.

கம்பீர் ஆற்றின் மேலே பாஞ்சனா அணை வந்த பிறகு பூங்காவுக்குத் தண்ணீர் வரத்து குறைந்தது. ஏரிகள் வெடித்துக் கிடந்த வருடங்கள் உண்டு. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போட்டார்கள். காய்ந்த நிலத்தில் எது புகுந்தது தெரியுமா? நம் சீமைக் கருவேலம்! ராமநாதபுரத்தில் பார்ப்பது போலவே அடர்ந்திருந்ததாம். இந்த முறை கிராமத்தாரை அழைத்தார்கள். வேரோடு பிடுங்குவது அவர்கள் வேலை, விறகு அவர்களுக்கே. பெரிய பரப்பு மீண்டும் திறந்தவெளியானது.

இடையில் சம்பல் ஆற்றுக்கும் போய் வந்தோம். படகில் போனால் மணல் திட்டுகளில் மெல்லிய நீள மூக்குடன் கரியால் முதலைகள் படுத்திருக்கின்றன. கீழ் அலகை நீரில் வைத்துக் கோடு கிழித்துக்கொண்டே பறக்கும் பறவைகளையும் பார்த்தோம். அதற்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டும்.

நீ வருவதாக இருந்தால் பிப்ரவரிக்குள் வா. அதன் பின் வாத்துகள் வடக்கே கிளம்பிவிடும். நாரைக் கூடுகளைப் பார்க்க ஆசையென்றால் செப்டம்பர், அக்டோபர். வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கம்பளிக் கையுறையும் எடுத்துக்கொள். ரிக்ஷாவே பேசிக்கொள். அவசரப்படுத்தாதே, எங்கே நிறுத்துவது என்று ஓட்டுபவருக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் தோழி