மூன்றாம் மாடியிலிருந்து மண்ணுக்கு

வீட்டுக்குள் நுழைந்த மாஸ்டர் நாய்க்குட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. அது அவர் காலடியில் உருண்டு சாக்ஸைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவரோ குட்டிக்குப் படுக்கை விரித்திருந்த மூலையில் போய் நின்றார். அங்கிருந்து வாசற்கதவு, கதவிலிருந்து லிஃப்ட், கீழே இறங்கினால் வேப்பமரத்தடி மண் என்று அடி எண்ணிக்கொண்டே நடந்துவிட்டு வந்தார்.

"லிஃப்ட் வர்றதுக்கு எவ்ளோ நேரமாகும் மேடம்?"

ஒன்பது வார லாப்ரடாருக்கு உட்காரவும் கைகொடுக்கவும் சொல்லித்தர ஆள் வருகிறார் என்று நினைத்திருந்த வீட்டுக்காரம்மா கொஞ்சம் விழித்தார். ஆபீஸ் நேரத்தில் மூன்று நிமிடம்கூட ஆகும் என்றார். "தூங்கி எழுந்த குட்டி மூணு நிமிஷம் தாங்காது. படியில தூக்கிட்டு ஓடுங்க. தூக்கி வச்சிருக்கும்போது பெரும்பாலும் போகாது. இறக்கி விட்டீங்கன்னா அங்கயே போயிடும்." முதல் பாடம் அவ்வளவுதான்.

மடிப்பாக்கம், வேளச்சேரி, பெரும்பாக்கம் என்று தென்சென்னையின் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றிவரும் இவரோடு நானும் சில காலைகள் போய்வந்தேன். காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய டிவிஎஸ் வண்டி, தோளில் ஒரு பை. பைக்குள் அவித்து நறுக்கிய கோழி ஈரல், குட்டையான ஒரு கயிறு, தெளிப்பான் பாட்டில், புறஊதா ஒளி வீசும் சின்ன டார்ச். இருட்டில் அந்த டார்ச்சை அடித்தால் காய்ந்துபோன சிறுநீர்க் கறை பளிச்சென்று ஒளிரும். சோபாவின் கால், திரைச்சீலையின் அடிவிளிம்பு, பீரோ இடுக்கு என்று வீட்டார் சுத்தம் என்று நம்பியிருக்கும் இடங்களெல்லாம் ஒளிர்வதைப் பார்க்கும்போது அவர்கள் முகம் போகிற போக்கைக் காண வேண்டும்.

குட்டிக்குக் கழிக்கும் இடம் பழக்கும் இந்தத் தொழிலுக்கு ஊர்ப்பக்கம் வேலையே கிடையாது. சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ தோட்டத்திலும் களத்திலும் கிடந்து வளர்ந்தது. குட்டி தாயின் பின்னால் வேலியோரம் போய்ப் பழகிக்கொண்டது. எங்கே போக வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. நாய் திண்ணையைத் தாண்டி நடுவீட்டுக்கு வந்து, வீடு தரையிலிருந்து மூன்று மாடி மேலே போன பிறகுதான் இப்படியொரு கைத்தொழில் பிழைக்க இடம் வந்தது. ஓய்வு பெற்ற காவல்துறைக்காரர்கள், நாய்ப் பண்ணைகளில் கூண்டு கழுவித் தொழில் கற்ற பையன்கள், இணையவழிப் படிப்பு முடித்த இளம்பெண்கள் எனப் பலரும் இதில் இருக்கிறார்கள். ஒருவர் முறையை இன்னொருவர் ஒப்புக்கொள்வது அபூர்வம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பார்த்த எல்லோரும் ஒத்துப்போனார்கள். குட்டி அழுக்கான பிராணி அல்ல; சுத்தத்தின் மேல் அதற்கு ஆசை பிறவியிலேயே உண்டு. பிறந்த முதல் மூன்று வாரம் அதற்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிக் கொடுத்தால்தான் வரும்; வந்ததைத் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். கண் திறந்து, கால் ஊன்றியதும் குட்டி செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, படுக்கையை விட்டுத் தள்ளிப்போய்க் கழிப்பது. எட்டு ஒன்பது வாரத்துக்குள் காலுக்கடியில் எது இருந்தால் போகலாம் என்பதும் படிந்துவிடும். மண்ணில் வளர்ந்தது மண்ணைத் தேடும். செய்தித்தாளில் வளர்ந்தது, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளையும் விடாது. மிதியடி எங்கே கிடந்தாலும் அதில் போய் நிற்கும் குட்டிகளைப் பற்றி வீட்டாருக்கு ஒரே ஆத்திரம். பாவம், ஈரத்தை உறிஞ்சும் மெத்தென்ற பரப்பை அது சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது.

இந்தப் பிறவிக் குணத்தைக் கெடுக்க ஒரே வழி, கழித்த இடத்திலேயே குட்டியைப் படுக்க வைப்பது. பெரும்பாக்கத்தில் பார்த்த ஷிட்சு குட்டி அப்படிப்பட்டது. கடையில், கம்பிக் கூண்டில், வாரக்கணக்கில் தன் கழிவின் மேலேயே உட்கார்ந்திருந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. அந்தக் குட்டி வந்த தேதியைக் கணக்கிட்டால் ஐந்து வாரம்கூடத் தேறவில்லை. குட்டிக்குக் கூண்டு வாங்குவது பல வீடுகளில் பயன்படும் உத்தி. நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கிற அளவுக்கு மட்டும் இடம் இருந்தால், படுக்கையை நனைக்க மனமில்லாமல் குட்டி அடக்கிக்கொள்ளும். கதவைத் திறந்ததும் வெளியே கொண்டுபோகலாம். இந்த ஷிட்சுவிடம் அந்த உத்தி செல்லவில்லை. அது கூண்டுக்குள்ளேயே போய்விட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டது. "இதுக்கு மறுபடி முதல்லேருந்து வெட்கம் சொல்லித்தரணும்" என்றார் மாஸ்டர். பகலில் மணிக்கு ஒருமுறை, இரவில் இருமுறை, படுக்கைத் துணி நனைந்தால் உடனே மாற்று என்று நாட்கணக்கில் ஓடியது அந்தப் பாடம்.

நேரம்தான் இந்தத் தொழிலின் மூலதனம். தூங்கி எழுந்தவுடன், தின்ற கொஞ்ச நேரத்தில், விளையாட்டு நடுவே என்று குட்டிக்குக் கட்டாயம் வரும் வேளைகள் உண்டு. வயிற்றில் இரை விழுந்ததும் குடல் அசையத் தொடங்கிவிடும் என்பதால் தட்டு காலியான ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வேலை நடக்கும். எத்தனை மாதக் குட்டியோ அத்தனை மணி நேரம் தாங்கும் என்பது பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அதுவும் சும்மா படுத்திருந்தால்தான். ஆட்டத்தில் இருக்கும் குட்டிக்குக் கால்மணி நேரம்கூடப் பெரிது. அடக்கும் தசை ஓரளவு கைவசப்பட நான்கு மாதம் ஆகும். அதற்கு முன்னால் நடப்பதையெல்லாம் அடம் என்று சொல்லித் திட்டுவது, கைக்குழந்தை துணியை நனைத்ததற்குக் கோபித்துக்கொள்வது போலத்தான்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்குகிறது. எப்போது தின்றது, எப்போது போனது, எங்கே போனது. ஒரு வாரத் தாளை வைத்துக்கொண்டு மாஸ்டர் குட்டியின் ஜாதகத்தையே சொல்லிவிடுகிறார். மூக்கைத் தரையில் வைத்து வட்டமடித்தால், விளையாட்டை விட்டுவிட்டுத் திடீரென்று நழுவினால், கதவைப் பார்த்தால் தூக்க வேண்டியதுதான். "குட்டி சொல்லிட்டுத்தான் போகுது. நீங்க போன்ல இருந்தீங்க" என்று ஐ.டி. கம்பெனி இளைஞர் ஒருவரிடம் முகத்துக்கு நேரே சொன்னார்.

அதே இளைஞர் வீட்டில்தான் இன்னொரு சிக்கல். குட்டியைக் கீழே கொண்டுபோகிறார். அது பாதையோரம் முகர்ந்து, சுற்றி, காலை அகட்டி வேலையை முடிக்கிறது. முடித்த மறுகணம் "சரி, வா" என்று மேலே கூட்டிவந்துவிடுகிறார். மேலே வந்ததும் பிஸ்கட். இரண்டே வாரத்தில் குட்டி கீழே போனால் கழிக்காமல் அரை மணி நேரம் இழுத்தடிக்க ஆரம்பித்தது. அதன் கணக்கில் தவறே இல்லை. சிறுநீர் கழித்தால் உலா முடிந்துவிடும். பிஸ்கட்டோ வீட்டுக்குள் வந்ததற்கு. ஈரல் துண்டு, கடைசிச் சொட்டு விழுந்த அந்த நொடியிலேயே, அந்த இடத்திலேயே வாய்க்குப் போக வேண்டும். உலா அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். போகும்போதெல்லாம் ஒரே சொல்லை மெதுவாகச் சொல்லிவந்தால், பிறகு அந்தச் சொல்லே குட்டியைப் போகவைக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தச் சொல், குழந்தைகளுக்குச் சொல்லும் 'சூச்சூ'தான். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் பிரிட்டன் அமைப்பில் 'பிஸி பிஸி' என்று சொல்லிப் பழக்குகிறார்கள். நாய் எங்கே, எப்போது கழிக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாதவருக்கு இது வசதி மட்டுமல்ல, அவசியம்.

மண்ணுக்குக் கொண்டுபோ என்று சொல்வது எளிது. சென்னையில் அந்த மண்ணில்தான் ஆபத்தும் இருக்கிறது. 1978இல் உலகெங்கும் நாய்களிடையே பரவத் தொடங்கிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை ரத்த வயிற்றுப்போக்கில் சில நாளில் கொன்றுவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசி வரிசை முடியும்போது குட்டிக்குப் பதினாறு வார வயதாகிவிடுகிறது. பழக்கம் படிகிற வயதோ அதற்குள் கடந்துவிடுகிறது. தெரு நாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியை இறக்காதீர்கள் என்பார் கால்நடை மருத்துவர். மண்ணில் பழக்குங்கள் என்பார் பயிற்சியாளர். இரண்டும் சரி. இடைவழி மொட்டை மாடியில் கிடைத்தது. பழைய பிளாஸ்டிக் தட்டில் தோட்டமண்ணைக் கொட்டி, மேலே புல்பத்தை வைத்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போட்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் பதினோரு மணிக்குமேல் அந்தத் தளத்தில் குட்டியின் பாதம் படக்கூடாது என்பதால், பகலில் பால்கனிக்கு இன்னொரு தட்டு. கடையில் விற்கும் உறிஞ்சும் விரிப்புகளை மாஸ்டருக்குப் பிடிக்காது. வீட்டுக்குள் போகலாம் என்று முதலில் சொல்லித்தந்துவிட்டு, நான்கு மாதம் கழித்து மாற்றிச் சொன்னால் குட்டிக்குக் குழப்பம் என்கிறார். வேளச்சேரியில் தொழில் செய்யும் இளம் பயிற்சியாளர் ஒருவருக்கோ அவை இல்லாமல் வேலையே ஓடாது. முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரர் இரவு இரண்டு மணிக்கு மாடி ஏற முடியுமா என்பது அவர் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வியே நியாயமாகப் படுகிறது.

இந்த வேலையில் பெயரே வராத ஒருவர் இருக்கிறார்: வீடு துடைக்கும் அக்கா. காலை ஒன்பதிலிருந்து மாலை வரை பல வீடுகளில் குட்டியோடு இருப்பது அவர்தான். எந்த மூலையில், எந்நேரத்தில் என்று துல்லியமாகத் தெரிந்தவரும் அவர்தான். பாடம் எடுக்கும்போது அந்த அக்காவும் உட்கார வேண்டும் என்று மாஸ்டர் அடம்பிடிக்கிறார். சில வீட்டாருக்கு அது பிடிப்பதில்லை. "நாய் இருக்கிற வீடுன்னா கூடத்தான் கேப்பேன்" என்றார் மடிப்பாக்கத்து அக்கா. "ஆனா இதப் பாத்தா திட்ட மனசு வரல. நான் வந்தா பயந்து ஓடுது. அய்யா அடிச்சிருப்பாரு."

அடித்திருக்கிறார். நனைத்த இடத்தில் மூக்கை வைத்துத் தேய்த்திருக்கிறார். விளைவை டார்ச் காட்டியது. நடுக்கூடத்தில் கறை இல்லை. கட்டிலுக்கடியில் வரிசையாக இருந்தது. மனிதர் கண்முன்னால் கழித்தால்தான் அடி என்று குட்டி புரிந்துகொண்டுவிட்டது. அதனால் கீழே கூட்டிப்போனாலும் அவர் எதிரில் போக மறுக்கிறது.

அந்த முறை ஆகாசத்திலிருந்து வரவில்லை. ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய நூல் முதல் அமெரிக்காவின் வில்லியம் கோலர் 1962இல் வெளியிட்ட நூல் வரை, நாய்ப் பயிற்சி என்றால் கழுத்துச் சங்கிலியைச் சுண்டுவதுதான். கயிறு கட்டவே முடியாத டால்ஃபின்களை மீன் கொடுத்தே பழக்கிய காரென் பிரையர் 1984இல் எழுதிய நூலும், கலிஃபோர்னியாவில் இயான் டன்பர் தொடங்கிய குட்டி வகுப்புகளும் மெல்ல மெல்லத்தான் அதை மாற்றின. "எனக்கும் அதட்டித்தான் வேலை கத்துக்குடுத்தாங்க" என்கிறார் மாஸ்டர். "பெரிய நாய் அதட்டலத் தாங்கும். குட்டி தாங்காது."

அடி நின்றாலும் பழைய கறையின் வாடை போக வேண்டும். அக்காவின் பக்கெட்டில் இருப்பதோ பினாயில். நம் மூக்குக்கு அதோடு விஷயம் முடிந்தது. மனிதருக்கு முகர்வு ஏற்பிகள் சுமார் 50 லட்சம் என்றால், மோப்ப நாய்க்கு 20 கோடி அளவில் உண்டு. பினாயிலுக்கு அடியில் தன் பழைய அடையாளம் அதற்குத் தெளிவாகத் தெரியும். அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் இன்னும் மோசம். சிறுநீர் வாடையே அமோனியா வாடைதான். வேறு யாரோ இங்கே போயிருக்கிறார்கள் என்று நினைத்து அதே இடத்துக்கு வரும். தெளிப்பானில் மாஸ்டர் வைத்திருப்பது வாடைப் பொருளையே சிதைக்கும் என்சைம் திரவம். முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அதைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அவசரமாகத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய அக்காவிடம் அந்தப் பத்து நிமிடம் இல்லை என்பதும் உண்மை.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஒன்று வழிக்கு வராவிட்டால், மாஸ்டர் வீட்டாரை வேப்பேரிக்கு அனுப்புகிறார். 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். தூங்கும்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும் பெண் குட்டிக்குச் சிறுநீர்க்குழாய் பையில் சேராமல் தவறான இடத்தில் திறந்திருக்கலாம்; கோல்டன் ரிட்ரீவர், லாப்ரடார், ஹஸ்கி இனங்களில் இது கூடுதல். அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய குட்டியைப் பிடிவாதக்காரி என்று மாதக்கணக்கில் திட்டிய வீடுகள் அவருக்குத் தெரியும்.

முதலில் பார்த்த மடிப்பாக்கம் லாப்ரடாருக்குக் கடைசியில் வந்த தடை குட்டியிடமிருந்து வரவில்லை. லிஃப்டில் நாய் ஏறக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மாஸ்டர் பையிலிருந்து மடித்துவைத்த ஜெராக்ஸ் தாளை எடுத்தார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல். வளர்ப்பு நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சங்கங்கள் தடுக்க முடியாது என்கிறது அது. 2018இல் ஹரியானாவுக்குப் போகும் வரை அந்த வாரியமே சென்னையில்தான் இயங்கிவந்தது. செயலாளர் தாளைப் படித்துவிட்டு, "சட்டம் இருக்கட்டும் மாஸ்டர், உள்ளே போயிடுச்சுன்னா யார் துடைக்கிறது?" என்றார். நான்கு மாதம் வரை குட்டியைக் கையில் தூக்கித்தான் ஏற்றுவது, என்சைம் பாட்டிலும் துணியும் செக்யூரிட்டி மேசையில் இருப்பது, நனைத்தால் வீட்டார் துடைப்பது என்று பேசி முடித்தார்கள். பாட்டிலுக்குக் காசு சங்கம் தருவதா, வீட்டுக்காரர் தருவதா என்பது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.