பவுண்டு இறங்கிய வாரம்

23 ஜூன் 2016, வியாழன்

இங்கிலாந்தில் இன்று ஓட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா? திருப்பூர் ராயபுரத்துச் சந்துக்குள் இருக்கும் எங்கள் கம்பெனியில் இதைப் பேச ஆள் குறைவு. ஆனால் லண்டன் பையருக்கான 40,000 பீஸ் குழந்தைகள் பனியன் பேக்கிங்கில் நிற்கிறது. பீஸுக்கு இரண்டு பவுண்டு. பவுண்டு இன்று நூறு ரூபாயை ஒட்டி இருப்பதால் மொத்தம் எண்பது லட்சம் ரூபாய்ச் சரக்கு. அதில் பாதித் தொகைக்குத்தான் முதலாளி பேங்கில் ஃபார்வர்ட் போட்டு, பவுண்டு விலையை முன்கூட்டியே உறுதி செய்திருக்கிறார்.

ராத்திரி லெஸ்டரிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "சித்தி, நானும் ஓட்டுப் போட்டுட்டேன்" என்றான். படிக்கப் போனவன், கையில் இந்தியப் பாஸ்போர்ட். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் அங்கே குடியிருந்தால் ஓட்டு உண்டாம். பக்கத்து அறைப் போலந்துக்காரர் வருஷக்கணக்கில் அங்கே வரி கட்டுகிறார், அவருக்கு இல்லை. அவரைப் போன்றவர்கள் தடையில்லாமல் வந்து வேலை பார்ப்பதுதான் இந்தச் சண்டையின் மையமே. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு இல்லை. முடிவோடு அதிக காலம் வாழப்போவது அவர்கள்தான்.

24 ஜூன், வெள்ளி

காலை ஒன்பது மணிவாக்கில் பிபிசி சொல்லிவிட்டது, விலகல்தான். மதியத்துக்குள் முழு எண்ணிக்கை வந்தது: விலக 51.9 சதவீதம், இருக்க 48.1. ஒரு மணி சுமாருக்குப் பிரதமர் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். நேற்றிரவு ஒன்றரை டாலர் பெற்ற பவுண்டு, 1985க்குப் பிறகு காணாத இடத்துக்கு விழுந்திருக்கிறது. நம் கணக்கில் 93 ரூபாய்க்குப் பக்கம்.

பீஸுக்கு எட்டு ரூபாய் நிற்கும் என்று போட்ட ஆர்டர் இது. மொத்த லாபமே மூன்று லட்சத்து இருபதாயிரம். ஃபார்வர்ட் போடாத 40,000 பவுண்டில் இன்று ஒரே நாளில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் போய்விட்டது. நூல் விலையும் டையிங் கூலியும் ஒரு பைசா இறங்கவில்லை.

25 ஜூன், சனி

சம்பள நாள். ஓவர்லாக் டைலர் ஒருத்தி கவரை வாங்கிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க அக்கா, அந்த ஊர்ல ஓட்டுப் போட்டா இங்க நமக்குக் கொறையுமா?" இந்த வாரம் குறையாது என்றேன். ஆர்டர் இளைத்தால் முதலில் போவது ஓவர்டைம்தான். அது அவளுக்கும் தெரியும், நின்று கேட்காமல் போய்விட்டாள்.

எங்கள் மெர்ச்சண்டைசர் பையன் "படிக்காத கிழவனுக போட்ட ஓட்டுங்க" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பர்ன்லியில் 66 சதவீதத்துக்கு மேல் விலகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே துணி நெய்த லங்காஷயர் ஊர் அது. லெஸ்டரும் பனியன், சாக்ஸ் பின்னிய ஊர்தான். அங்கே மூடிய மில்களின் வேலையில் ஒரு பங்கு நம் ஊர்களுக்கு வந்தது, அதில்தான் நானும் சாப்பிடுகிறேன். வேலை போன ஊர்க்காரர்கள், எங்களைக் கேட்காமல் பிரஸ்ஸல்ஸில் எதுவும் முடிவாகக் கூடாது என்கிறார்கள். அதை முட்டாள்தனம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தன்னை ஆளும் சட்டத்தைச் செய்பவரை மாற்றும் உரிமை வேண்டும் என்பது ஜனநாயகத்தின் அடிப்படைக் கோரிக்கை.

எனக்கு ஆறாதது வேறு. வாரம் 35 கோடி பவுண்டை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை மருத்துவத் துறைக்குக் கொடுக்கலாம் என்று சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். அந்த வாக்குறுதி தவறு என்று, விலகலுக்காகவே வாழ்ந்த ஃபராஜ் முடிவு வந்த காலையில் டிவியில் சொல்கிறார். எதிர்த் தரப்பில் அரசாங்கமோ குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு நஷ்டம் என்று பயமுறுத்தியது. வெளியே போனபின் எந்த ஒப்பந்தம், எந்த வரி என்று எந்தத் தரப்பும் எழுதி வைக்கவில்லை. விலையைச் சொல்லாமல் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

26 ஜூன், ஞாயிறு

மறுபடி ஓட்டெடுக்கச் சொல்லும் மனுவில் முப்பது லட்சத்துக்கு மேல் கையெழுத்தாம். தோற்றபின் விதியை மாற்றச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஒப்பந்தம் கைக்கு வந்தபின் அதைக் காட்டி மக்களிடம் மறுபடி கேட்டால், அது நியாயமான கேள்வி.

மாமனாரிடம் பிரிந்துபோவதைப் பற்றிப் பேசியபோது பேச்சு அண்ணாவுக்குப் போனது. அவர் அந்தக் காலத்து தி.மு.க. கட்சிக்காரர். பெரியாரை அண்ணா முதன்முதலில் சந்தித்தது இந்தத் திருப்பூரில்தான் என்று சொல்லாமல் அவர் எதையும் தொடங்க மாட்டார். 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டுப் பேசினார். அந்த வருஷமே சீனப் போர் வந்தது. 1963இல் 16வது திருத்தம் வந்து, தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதி எடுக்க வேண்டும் என்றானது. கழகம் கோரிக்கையைக் கைவிட்டது.

"எங்களை யாரும் ஓட்டுப் போடச் சொல்லிக் கேக்கலை அம்மிணி. கேட்டிருந்தா, தனியாப் போனா பஞ்சு எங்கிருந்து வரும், கரி எங்கிருந்து வரும்னு அண்ணாவே மேடையில சொல்லித்தான் ஆகோணும்" என்றார்.

இன்று குஜராத், மகாராஷ்டிரத்துப் பஞ்சு இங்கே நூலாகிறது. ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் தைக்கிறார்கள். இவர்கள் எதற்கு வந்தார்கள் என்ற முணுமுணுப்பு இந்தச் சந்துக்குள்ளும் கேட்கிறது. போலந்துக்காரரைப் பற்றி அங்கே பேசும் பேச்சுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

28 ஜூன், செவ்வாய்

பவுண்டு 90. ஆர்டரின் லாபம் முழுக்கப் போய், கைக்காசும் கரைகிறது.

டாலரில் விலை பேசிய இன்னொரு பையரிடமிருந்து மெயில்: இறக்குமதிச் செலவு கூடிவிட்டது, ஐந்து சதவீதம் குறைக்க முடியுமா? ஆக, டாலரில் விற்றவனும் தப்பவில்லை. சரக்கு கட்டிங் முடிந்துவிட்டதால் முடியாது என்று சொல்லவும் தெம்பில்லை. முதலாளி இரண்டு சதவீதத்துக்குப் பேசச் சொன்னார்.

ஒரு வழி திறக்கலாம் என்கிறார் அவர். நம் பனியனுக்கு ஐரோப்பாவில் 9.6 சதவீத வரி. பங்களாதேஷுக்குச் சுழியம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007இல் தொடங்கிய நம் வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2013இலேயே நின்றுபோனது. பிரிட்டன் தனியே வந்தால் தனியே பேசலாம். அவர்கள் முழுதாக வெளியேறும்வரை ஒப்பந்தம் போட முடியாது என்பதுதான் இடைஞ்சல்.

24 ஜூலை 2025, வியாழன்

இன்று இங்கிலாந்தில் இரு நாட்டுப் பிரதமர்கள் மோடி, ஸ்டார்மர் முன்னிலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்கள் 2020 ஜனவரியில் விலகினார்கள், ஒப்பந்தத்துக்கு அதற்குமேல் ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. நடைமுறைக்கு வந்தால் நம் ஆயத்த ஆடைக்கு அங்கே வரி இல்லை.

விலகலால் பிரிட்டனின் நெடுங்கால உற்பத்தித் திறன் நான்கு சதவீதம் குறையும் என்று அவர்கள் நாட்டு வரவுசெலவு அலுவலகமே கணக்கிட்டிருக்கிறது. பர்ன்லிக்கு மில் திரும்பவில்லை. ஓட்டே இல்லாத நமக்கு முதலில் நஷ்டம் வந்தது, இப்போது லாபம் வரப்போகிறது. லாபம் வருகிறது என்பதால் அன்று கேட்ட முறை சரியென்று நான் எழுத மாட்டேன்.

ஒப்பந்த மை காய்வதற்குள் பையர் கேட்டுவிட்டார், வரி போனால் விலையில் எவ்வளவு இறக்குவீர்கள் என்று. மிச்சமாவதில் ஒரு பங்கு தையல் கூலிக்கு என்று காஸ்டிங் ஷீட்டில் தனிக் கட்டமே போட்டு முதலாளி மேஜையில் வைத்திருக்கிறேன். நாளை காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்து பேசுகிறோம்.