பச்சை அடிக்காத கறுப்பு

"அண்ணே, ஜன்னல்கிட்ட வச்சா பச்சை அடிக்குது."

உறை போட்ட கைகளில் படத்தை ஏந்தி நிற்கிறார் இளைஞர். மூத்தவர் வாங்கி மஞ்சள் பல்புக்குக் கீழே பிடிக்கிறார். அங்கே அதே படம் லேசாகச் சிவக்கிறது. "கலர் மோட்லயே விட்டுட்டியா? மாத்திப் போடு தம்பி."

சென்னையில் ஒரு சிறிய ஒளிப்பட அச்சுக்கூடம். நான் போயிருந்த அன்று காலையிலிருந்து ஒரே படத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி. பேரன் பெரிதாக்கித் தரச் சொன்ன படம்.

நிறமே இல்லாத படத்தை அச்சடிப்பது சுலபம் என்றுதான் தோன்றும். உண்மையில் இதுதான் கஷ்டம். கலர் மோடில் நீலம், மெஜந்தா, மஞ்சள் மைகளும் கலந்துதான் சாம்பல் உண்டாகிறது. ஒன்று இம்மி ஏறினாலும் சாயல் தட்டிவிடும். பூந்தோட்டப் படத்தில் யாரும் கவனிக்காத அந்தப் பிழை, பாட்டியின் கன்னத்தில் பளிச்சென்று தெரியும். போதாக்குறைக்கு, அந்தக் கலவை வெயிலில் ஒரு மாதிரியும் பல்பு வெளிச்சத்தில் வேறு மாதிரியும் தோன்றும்.

2005இல் அச்சுப்பொறி நிறுவனமான எப்சன் கொண்டுவந்த கே3 மை வரிசை இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது. கறுப்பு, இளங்கறுப்பு, அதைவிட இளங்கறுப்பு என மூன்று அடர்த்திகள். சாயலைத் திருத்த மட்டும் சொட்டு நிற மை போதும். அமெரிக்காவின் வெர்மான்டில் அச்சுக்கூடம் நடத்தும் ஜான் கோன் இன்னும் ஒரு படி போனார். அவருடைய பீசோகிராபி முறையில் நிற மைகளையே எடுத்துவிட்டு, ஏழு அடர்த்திகளில் கறுப்பு மையை நிரப்பினார்.

காகிதமும் பேசும். வெண்மையூட்டி சேர்த்த தாள் பகலில் நீலம் காட்டும். பருத்தி மேட் தாளில் படம் மென்மையாக விழும், ஆனால் பளபளப்புத் தாளின் ஆழமான கறுப்பு அதில் கிடைக்காது.

அதனால் ஒவ்வொரு வகைத் தாளுக்கும் முதலில் ஒரு பட்டை அச்சாகிறது: வெள்ளையிலிருந்து கறுப்பு வரை, ஐந்தைந்து சதவீதமாக 21 கட்டங்கள். "கடைசி ரெண்டும் ஒட்டிக்கிச்சு பாருங்க சார்" என்று மூத்தவர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்கு அது புலப்பட்டது. அந்த இரண்டும் பிரிந்தால்தான் திண்ணைத் தூணுக்குப் பின்னால் உள்ள இருட்டில் கதவு தெரியும். முதல் இரண்டும் பிரிந்தால்தான் புடவை மடிப்பு.

இருட்டறையில் செபியா, செலினியம் டோனர்களோடு தொழில் பழகியவர் அவர். இன்றும் ஈரத்தில் தீர்ப்புச் சொல்வதில்லை. மை காய்ந்ததும் டோன் சற்று மாறும் என்பதால் மறுநாள் காலைதான் முடிவு.

"கறுப்பு வெள்ளைக்கு எதுக்குக் கலர் ரேட்டு?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம். கலரைவிடக் கூடுதலாகவே கொடுக்கலாம் என்பேன். அன்று மாலைக்குள் அந்த ஒரு படத்துக்கு ஐந்து தாள்கள் போயிருந்தன.

வீட்டுப் பழைய படத்தை அச்சுக்குக் கொடுக்கும்போது, அது மாட்டப்போகும் சுவரில் விழுவது டியூப்லைட்டா, மஞ்சள் பல்பா, ஜன்னல் வெளிச்சமா என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.