சாய்ந்து நின்ற மிதிவண்டி

மனிதனுக்கு எப்பொருளில் பஞ்சம் வந்தாலும் காரணத்தில் பஞ்சம் வருவதில்லை. செய்த செயலுக்கு ஒரு காரணம் சொல்பவன், செய்யாத செயலுக்கு ஒன்பது காரணம் சொல்வான். இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தது நூலன்று. என் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நின்ற மிதிவண்டியே ஆகும்.

நான் வாழ்வது நொய்யலாற்றங்கரையிலுள்ள பேரூரில். பணி புரிவது கோவை நகரில். இடையே ஏழு கிலோமீட்டர் அளவே தொலைவு. அரைமணி நேரம் மிதித்தால் போய்ச் சேரலாம். உடலுக்கும் நலம், பணத்துக்கும் சிக்கனம் என்று எண்ணியே அவ்வண்டியை வாங்கினேன். முதல் மாதம் நாள் தவறாமல் சென்றேன். இரண்டாம் மாதம் முதல் காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து என் திண்ணையில் அமரத் தொடங்கின.

சித்திரையில் வெயில் வந்தது. "நகரை அடைவதற்குள் சட்டை நனைந்துவிடுமே" என்றேன். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் வெயிலின் கடுமை தெரியாது. ஆனால் நான் எழுவதே ஏழு மணிக்கு. ஆதலின் என் குற்றம் கதிரவன்மேல் ஏறிற்று.

ஆனி பிறந்தது, காற்று எழுந்தது. நெடுஞ்சுவர் போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில், பாலக்காட்டருகே 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலமுள்ள ஒரு கணவாய் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அவ்வாயில் வழியே கொங்கு நாட்டினுள் புகுகிறது. கோடையின் வெப்பத்தைத் தணிப்பதும், உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருவதும் அக்காற்றே. காலையில் அது என் முதுகைத் தாங்கி நகருக்குத் தள்ளிவிட்டது. மாலையிலோ மார்பில் கைவைத்து மறித்தது. காற்றை எதிர்த்துச் செல்லும் வேகம் இரு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே எதிர்க்காற்றில் விரைய முயல்பவனே களைத்துப் போவான். வேகத்தைக் குறைத்துக்கொண்டால் களைப்பும் குறையும். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. இதனை நான் நன்கு அறிவேன். அறிந்தும் பேருந்தில் ஏறினேன்.

ஐப்பசியில் மழையைக் காட்டினேன். மார்கழியில் பனியைக் காட்டினேன். எங்கள் ஊரில் மழை பெய்யும் நாட்கள் ஆண்டில் சில பத்துகளே. எனினும் வானில் ஒரு மேகம் தோன்றினாலும் அது எனக்குப் போதுமானதாயிற்று. முடிவில், பன்னிரண்டு மாதங்களுள் மிதிவண்டிக்கு உகந்த மாதம் ஒன்றுகூட இல்லை என்று என் பஞ்சாங்கம் கூறிற்று.

இவற்றினும் ஆழத்தில் ஒரு காரணம் மறைந்திருந்தது. உடன் பணியாற்றுவோர் காரிலும் மோட்டார் வண்டியிலும் வந்து இறங்கும் இடத்தில், நான் மட்டும் வியர்வையோடு மிதிவண்டியை நிறுத்த நாணினேன். இக்காரணத்தை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நிறுத்தி வைத்த வண்டி நிறுத்தியபடியே இருப்பதில்லை. முள் தைக்காவிடினும், டியூபின் ரப்பர்ச் சுவர் வழியே காற்று மெல்ல மெல்லக் கசிந்துவிடும். எண்ணெய் காணாத சங்கிலியில் துரு ஏறும். சில வாரங்களில் "சக்கரத்தில் காற்று இல்லை" என்பதும், சில மாதங்களில் "சங்கிலி சுழலவில்லை" என்பதும் புதிய காரணங்களாயின. முன்னவை என் சோம்பலின் கற்பனைகள். இவையோ கண்ணால் காணத்தக்க உண்மைகள். பொய்க் காரணம் ஒன்றைப் பேணி வளர்த்தால் அது மெய்க் காரணங்களைப் பெற்றெடுக்கும் என்பதை அன்று நான் உணரவில்லை.

அதனை உணர்த்த ஒரு பங்குனிக் காலை வந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. அன்று அவளுக்கு அரசுப் பொதுத் தேர்வு. அதற்கு முந்திய ஆண்டில் அரசு விலையின்றி வழங்கிய மிதிவண்டியிலேயே அவள் நாளும் பள்ளிக்குச் செல்வாள். அன்று காலை பார்த்தால் அதன் சக்கரத்தில் வேலமுள் தைத்திருந்தது. ஒட்டுப் போட நேரமில்லை; பேருந்தும் போய்விட்டது. ஓடி வந்து, "மாமா, உங்க சைக்கிளைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

நான் என் வண்டியைத் திண்ணையிலிருந்து இறக்கினேன். இரு சக்கரமும் தரையோடு தரையாய் அமுங்கின. பம்பைத் தேடி எடுத்துக் காற்றடித்தேன். சங்கிலி அசைய மறுத்தது. அச்சிறுமி கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வெயிலையும் காற்றையும் அவளிடம் நான் எப்படிக் காரணமாகச் சொல்வேன்!

அவ்வேளையில் அவளுடைய பாட்டனார் தோட்டத்திலிருந்து தம் பழைய கறுப்பு மிதிவண்டியில் வந்தார். எழுபதைக் கடந்தவர். செய்தியைக் கேட்டதும் ஒரு சொல்லும் பேசாமல் வண்டியைத் திருப்பினார். "அப்பாரு, மெதுவாப் போங்க" என்று கூறியபடியே பேத்தி பின்னால் ஏறி அமர்ந்தாள். நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தேர்வுக்கூடத்துக்கு அவள் உரிய நேரத்தில் சென்று சேர்ந்தாள்.

அப்பெரியவர் சிங்காநல்லூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். போக வர 25 கிலோமீட்டருக்கு மேல் அவர் நாளும் மிதித்திருக்கிறார். கோவையின் முதல் நூற்பாலை தோன்றியது 1888-ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். கடல்கள் கடந்து பிறந்த இவ்விரண்டும் பிற்காலத்தில் எங்கள் ஊர்ச் சாலைகளில் கைகோத்தன. ஆலைச் சங்கு ஊதும் வேளையில் மிதிவண்டிகள் ஆற்று வெள்ளம் போல் செல்லும் என்று முதியோர் சொல்வர்.

அன்று மாலை அப்பெரியவரிடம், "உங்களுக்கு வெயிலும் எதிர்க்காற்றும் தடையாக இருந்ததில்லையா ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கும் அதே வெயிலு, அதே காத்துத்தானுங்க தம்பி. ஆனா மில்லுச் சங்கு காரணம் கேக்காதுங்களே!" என்றார்.

எல்லாக் காரணங்களும் பொய் என்று நான் கூறவில்லை. நோயுற்ற முழங்கால் பொய் சொல்லாது. விளக்கில்லாத இருட்சாலையும், லாரியும் பேருந்தும் விரையும் பெருஞ்சாலையும் உண்மையாகவே அச்சம் தருவன. அவினாசி சாலையில் 2025-ஆம் ஆண்டு 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டது. மோட்டார் வண்டிகளின் விரைவுக்கு அத்துணை இடம் தரும் நகரம், மெல்லச் செல்லும் மிதிவண்டிக்கும் அச்சமற்ற ஓர் ஓரத்தைத் தருதல் வேண்டும்.

மெய்யான காரணத்தையும் மனிதர் நீக்கியிருக்கின்றனர். நெதர்லாந்தில் எங்கள் ஆடிக் காற்றுக்கு இளைக்காத காற்று உண்டு, மழையும் உண்டு. ஆயினும் அங்கே மக்கள்தொகையைவிட மிதிவண்டிகள் மிகுதி. 1970-களில், சாலைகளில் குழந்தைகள் மாள்வதைப் பொறாத பெற்றோர் கிளர்ந்தெழுந்தனர். அதன் பின் மிதிவண்டிக்கெனத் தனிப் பாதைகள் பெருகின. நம் நாட்டிலும், பெண் மிதிவண்டி ஓட்டுவதா என்னும் ஏளனம் ஒரு காலத்தில் பெருந்தடையாக இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் ஊக்கத்தால் எழுத்தோடு மிதிவண்டியும் கற்ற பல்லாயிரம் பெண்கள் அத்தடையைத் தகர்த்தனர். அவர்கள் வென்ற தடையின் முன் என் பங்குனி, சித்திரைக் கணக்குகள் எம்மாத்திரம்!

இப்போது என் வீட்டுக் கதவருகே பம்பு தொங்குகிறது. ஞாயிறுதோறும் சக்கரங்களுக்குக் காற்று. திங்களுக்கு ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய். ஆடி மாத மாலைகளில் மெல்லவே மிதித்து வீடு சேர்கிறேன். இன்றும் சில காலைகளில் காரணம் ஒன்று வந்து திண்ணையில் அமர்வதுண்டு. நான் அதனோடு வாதிடுவதில்லை. அதனை அங்கேயே அமர்த்திவிட்டு, வண்டியைத் தெருமுனை வரை தள்ளிச் செல்கிறேன். அங்கே ஏறி ஒருமுறை மிதித்துவிட்டால் போதும். அக்காரணம் என்னைத் தொடர்ந்து வருவதில்லை.