மாவடு கெடவில்லை, வடாம் ஏன் கெட்டது?

பங்குனி, சித்திரையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் மாவடு வந்து குவியும். வாங்கிப் போகிறவர்கள் கல் உப்பு, மிளகாய்த்தூள், கடுகுத்தூள் போட்டுக் குலுக்கி ஜாடியில் வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் வடு நீர்விட்டு, அந்த நீரிலேயே மிதக்கும். அடுத்த மாவடுக் காலம் வரை அழுகாது. அதே வீதியில் வாங்கிய வடாமோ, கையில் எடுத்தால் சலசலக்கும் அளவுக்குக் காய்ந்தது. ஐப்பசி மழையில் பொட்டலத்தைத் திறந்து போட்டால் அதில் பூஞ்சணம் பூத்துவிடும்.

எவ்வளவு ஈரம் என்பதில் இல்லை விஷயம். எவ்வளவு ஈரம் சும்மா இருக்கிறது என்பதில்தான். உப்பும் சர்க்கரையும் பிடித்து வைத்துக்கொண்ட நீரைக் கிருமியால் எடுக்க முடியாது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி டபிள்யூ. ஜே. ஸ்காட் 1953-ல் இதை ஆய்வில் காட்டினார். ‘வாட்டர் ஆக்டிவிட்டி’ என்று இதற்குப் பெயர். சுத்தமான நீருக்கு அளவு 1. 0.91-க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளராது. 0.80-க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சணங்களும் நின்றுவிடும். 0.60-க்குக் கீழே எதுவும் வளராது. மாவடுவில் உப்போடு புளிப்பும் காவல் நிற்கிறது. ஈரக் கரண்டியை ஜாடியில் விட்டால் வீட்டில் திட்டு விழுவது சும்மா இல்லை. மேல்பரப்பில் உப்பு நீர்த்து, அங்கேதான் வெள்ளைப் படலம் கட்டும்.

வடாமுக்குப் பகை கடற்காற்று. மயிலாப்பூரும் அடையாறும் கடலை ஒட்டியவை. மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தாண்டும். திறந்து கிடக்கும் பண்டம் காற்றின் ஈரத்தை இழுத்து, மெல்ல மெல்ல அதே 0.80-க்கு வந்து சேரும். அதனால்தான் மொட்டை மாடியில் காய்ந்த வடாமை, சூடு ஆறியதும் பொழுது சாய்வதற்குள் டப்பாவில் அடைக்கிறார்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளேயே வியர்த்துவிடும்.

ஊரில் களத்துமேட்டிலும் இதே கணக்குதான். நெல்லை 14 சதவிகித ஈரத்தில் சேமிக்கலாம். நிலக்கடலைப் பருப்பு 8 சதவிகிதத்தைத் தாண்டினாலே ஆபத்து. பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அது நீரைப் பிடித்து வைக்காது. இருக்கும் கொஞ்ச நீரும் மீதிப் பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அங்கே ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் வந்தால் அஃப்ளடாக்ஸின் நஞ்சு சேரும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது, ஈரலைத் தாக்கும்.

மக்காச்சோளத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. நன்கு காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு சோளமும், அதோடு இரண்டு மூன்று ஸ்பூன் காய்ந்த தூள் உப்பும் போட்டு மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். 0.75-க்கு மேல் போனால்தான் உப்பு கசியும். பாட்டிலின் ஓரத்தில் உப்பு ஒட்டியிருந்தால் சோளம் இன்னும் காயவில்லை.