எங்கள் கடைத் துருவும் ராக்கெட்டும்



எங்க அப்பா பழைய இரும்புக் கடை வச்சிருக்கார். அதனால வகுப்பில் எனக்கு 'துரு' என்று பட்டப்பெயர். யார் வைத்தது என்று எழுத மாட்டேன். இதைப் படிக்கும்போது அவங்களுக்கே தெரியும். வீட்டில் நான் சொன்னதில்லை, அப்பா வருத்தப்படுவார்.

போன மாதம் வினைவேக மாற்றி பாடம் நடந்தது. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981 முதல் 2011 வரை பறந்தது. அதன் இரண்டு பக்கமும் இருந்த வெள்ளை பூஸ்டர்களின் திட எரிபொருளில் வினைவேக மாற்றியாக இரும்பு ஆக்சைடு சேர்த்தார்கள் என்றார் சார். உடனே பின் பெஞ்சிலிருந்து, "டேய் துரு, உன் கடைச் சரக்குடா!" எல்லாரும் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. "அது இல்லாம அது அந்த வேகத்துல எரியாதுப்பா" என்றார்.

அதற்கப்புறம் நூலகத்தில் தேடியும் சாரைத் தொந்தரவு செய்தும் தெரிந்துகொண்டது இது.

அந்த எரிபொருள் கெட்டியான ரப்பர் மாதிரி இருக்கும். அதில் சுமார் 70 சதவீதம் அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவது அதுதான். கூடவே அலுமினியப் பொடி, எல்லாவற்றையும் பிடித்து வைக்க ரப்பர் போன்ற பசை. இரும்பு ஆக்சைடு சுமார் 0.4 சதவீதம்தான். சாம்பாரில் பெருங்காயம் போல!

உப்பு உடைந்தால்தான் ஆக்சிஜன் வரும். இரும்பு ஆக்சைடு பக்கத்தில் இருந்தால் குறைந்த சூட்டிலேயே சீக்கிரம் உடைகிறது. தீ எரிபொருளை ஒட்டியே எரிகிறது, சூடு உள்ளே இறங்கி அடுத்த படலமும் பற்றிக்கொள்கிறது. மொத்தச் சக்தி இதனால் கூடாது. அது எவ்வளவு நேரத்தில் வெளியே வரும் என்பதுதான் மாறும். இரண்டே நிமிடத்தில் எரிந்து முடிக்க வேண்டிய பூஸ்டருக்கு அதுதானே முக்கியம்? ஆனா வேகம் மிஞ்சினால் உள்ளே அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் இன்னும் வேகமாக எரியும், கூடே வெடித்துவிடலாம். அதனால அளவு ரொம்பக் கறார். (யாரும் வீட்டில் எதையும் கலந்து பார்க்கக் கூடாது என்று சார் எழுதச் சொன்னார்.)

வினைவேக மாற்றி கடைசியில் அப்படியே மிஞ்சும் என்று மனப்பாடம் செய்தோமே, ராக்கெட்டில் அது புகையோடு போய்விடும். யார் போய் அள்ளுவது? இதைக் கேட்டதற்கு, "பரீட்சையில புத்தகத்துல உள்ளதை எழுது" என்றார் சார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எங்க கடைத் துரு அப்படியே ஆகாது, அதில் தண்ணீரும் அழுக்கும் சேர்ந்திருக்கும். ராக்கெட்டுக்குப் போவது மாவு மாதிரி நைஸான, சுத்தமான பொடி. வீட்டுத் தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடின் நிறமும் இதே இரும்பு ஆக்சைடுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பூஸ்டரில் ஏறக்குறைய 500 டன் எரிபொருள். அப்படியென்றால் இரும்பு ஆக்சைடு மட்டும் 2 டன், இரண்டு பூஸ்டருக்கு 4 டன். ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"நாலு டன்னா! கிலோ என்ன விலைக்கு எடுத்தாங்களாம்?" என்று கேட்டார்.

பட்டப்பெயர் விஷயத்தை மட்டும் அன்றைக்கும் சொல்லவில்லை.

– 10-ம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்